ஜப்பானியத் துல்லியப் பட்டறையில் முதல் ஆறு மாதங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ ஓசூரிலோ சிஎன்சி லேத் ஓட்டிப் பழகிய ஒருவர் ஜப்பானில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேரும்போது, இயந்திரங்களைப் பார்த்து அவர் பெரிதாக வியக்க வேண்டியிருக்காது. ஃபனுக் கன்ட்ரோலரும் மிட்டுடோயோ மைக்ரோமீட்டரும் இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. அப்படியிருந்தும் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசம்கூட இல்லாமல் ஆயிரக்கணக்கான பாகங்களை அவர்களால் தொடர்ந்து கொடுக்க முடிகிறது என்றால், அதற்கான காரணத்தை இயந்திரத்தைச் சுற்றி நிற்கும் மனிதர்களின் பழக்கங்களில்தான் தேட வேண்டும். அந்தப் பழக்கங்கள் பலவாகத் தெரிந்தாலும் அவை அனைத்துக்கும் நோக்கம் ஒன்றே: எந்தக் கோளாறுக்கும் ஒளிந்துகொள்ள இடம் தராமல், அது சிறியதாக இருக்கும்போதே எல்லோர் கண்ணிலும் படும்படி செய்வது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், முதலில் விசித்திரமாகவும் சில வேளைகளில் அளவுக்கு மீறியதாகவும் தோன்றும் நடைமுறைகள் ஒவ்வொன்றும் எதற்காக இருக்கின்றன என்பது விளங்கத் தொடங்கும்.

ஜப்பான் 2019 ஏப்ரலில் 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' என்ற விசா வகையைத் தொடங்கியது. அதற்கான ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் கையெழுத்திட்டன. அந்த வழியிலோ, பயிற்சிப் பணியாளராகவோ, பொறியாளராகவோ சென்று கடைசல், கிரைண்டிங், மில்லிங், அளவைப் பிரிவு ஆகியவற்றில் சேரப் போகும் தமிழ் இளைஞர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. புதிதாகச் சேருபவர் எந்த வரிசையில் இவற்றை எதிர்கொள்வாரோ அந்த வரிசையிலேயே சொல்லிச் செல்கிறேன்.

முதல் வாரம்: துடைப்பத்தைத் தயங்காமல் வாங்குங்கள்

பல தொழிற்சாலைகளில் நாள் உடற்பயிற்சியுடன் தொடங்குகிறது. 1928இல் ஜப்பானிய வானொலியில் தொடங்கிய பயிற்சியின் இசைக்கு எல்லோரும் கைகால்களை அசைக்கிறார்கள். அதன்பின் சில நிமிடங்கள் காலைக் கூட்டம் நடக்கும். நேற்று எந்த இயந்திரத்தில் எத்தனை பாகங்கள் ரிஜெக்ட் ஆயின, இன்று யார் விடுப்பு, எந்த மூலப்பொருளின் புதிய லாட் வந்திருக்கிறது என்பவை பேசப்படும். ஜப்பானிய மொழி முழுதும் புரியாத முதல் வாரங்களிலும் இந்தக் கூட்டத்தைக் கவனிப்பது அவசியம். பலகையில் எழுதியிருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் அவற்றின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் கையில் பெரும்பாலும் துடைப்பமும் துணியும் தரப்படும். படித்துவிட்டு வந்தவரைக் கூட்டச் சொல்கிறார்களே என்று மனம் சுருங்க வேண்டாம். 'ஐந்து எஸ்' என்ற பெயரில் நம் ஊர்த் தொழிற்சாலைச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் அந்த ஒழுங்குமுறை (தேவையற்றதை அகற்றுதல், தேவையானதற்கு இடம் குறித்தல், துடைத்தல், அந்த நிலையைக் காத்தல், அதையே பழக்கமாக்குதல்) துல்லியப் பட்டறையில் அழகுக்காகச் செய்யப்படுவது அன்று. பாகத்தை இறுகப் பிடிக்கும் சக் தாடைக்கும் அந்தப் பாகத்துக்கும் இடையே 20 மைக்ரான் தடிமனுள்ள ஒரு சீவல் துணுக்கு சிக்கிக்கொண்டால், டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடு) 10 மைக்ரானாக இருக்கும் வேலை அங்கேயே கெட்டுவிடுகிறது. ஆகவே அங்கே துடைப்பது அளப்பதன் ஒரு பகுதி.

துடைக்கும்போது கண்ணையும் கையையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். இயந்திரத்தின் அடியில் நேற்று இல்லாத எண்ணெய்ச் சொட்டு, தளர்ந்திருக்கும் ஒரு போல்ட், குறைந்துபோன கூலன்ட், கையில் புதிதாக உறுத்தும் ஒரு பிசிறு என்று இயந்திரம் பழுதாவதற்கு முன் தரும் அறிகுறிகளை முதலில் காண்பவர் அதைத் துடைப்பவரே. சுத்தம் செய்வதே சோதனை செய்வது என்று பட்டறைகளில் வழங்கும் சொல்லுக்கு இதுதான் அடிப்படை. கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். மாலையில் ஓர் ஆலன் கீ அதன் இடத்தில் இல்லையென்றால், அது இயந்திரத்துக்குள் கிடக்கவில்லை என்று உறுதிசெய்யும் வரை யாரும் கிளம்புவதில்லை.

வேலைமுறைத் தாளை ஏன் என்று கேட்டுப் படியுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வேலைமுறைத் தாள் இருக்கும். அதில் வேலையின் படிகள், ஒவ்வொரு படியிலும் தவறவிடக் கூடாத முக்கியக் குறிப்பு, அக்குறிப்பின் காரணம் என்று மூன்று செய்திகள் இருப்பதைக் காணலாம். இந்த அமைப்பு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதிய தொழிலாளர்களை விரைவாகப் பயிற்றுவிக்க உருவான ஒரு முறை. போருக்குப் பின் ஜப்பானுக்கு வந்த அது, பிறந்த இடத்தைவிட வந்த இடத்தில் ஆழமாக வேரூன்றியது. கற்பவர் கற்கவில்லையென்றால் கற்பிப்பவர் கற்பிக்கவில்லை என்பது அம்முறையின் கொள்கை. ஆகவே புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். புரிந்ததுபோலத் தலையாட்டுவதுதான் அங்கே பெருங்குற்றமாகக் கருதப்படும்.

தாளில் உள்ளபடியே செய்யுங்கள். வேகமான வழி ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அது உண்மையிலேயே சிறந்ததாகவும் இருக்கலாம். ஆனால் மூன்று ஷிப்டில் மூவர் மூன்று விதமாகச் செய்தால், அளவு மாறும்போது எதனால் மாறியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வழியைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதற்கான வேளை பின்னால் வரும்.

அளக்கும் கையைப் பழக்குங்கள்

புதியவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான் என்பது என் உறுதியான கருத்து. மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரியும் என்று நினைப்பவர்களில் பெரும்பாலோருக்கு அதன் எண்களைப் படிக்க மட்டுமே தெரியும்.

அளப்பதற்கு முன் மைக்ரோமீட்டரின் இரண்டு அளவு முகங்களுக்கும் இடையே சுத்தமான ஒரு காகிதத் துண்டை மெல்லக் கவ்வி இழுங்கள். முகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் தூசும் அதனுடன் வந்துவிடும். பிறகு சுழியம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 25 மி.மீ.க்கு மேற்பட்ட மைக்ரோமீட்டர் என்றால், அதனுடன் வந்த சரிபார்ப்புத் தண்டையோ ஸ்லிப் கேஜையோ (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) வைத்துச் சரிபாருங்கள். பாகத்தின் பிசிறை நீக்கி, துடைத்து, ராட்செட்டை மெதுவாகத் திருப்பி, இரண்டு மூன்று 'கிளிக்' ஒலி வந்ததும் நிறுத்துங்கள். உருளையை ஓரிடத்தில் மட்டும் அளந்தால் அது கூம்பாக இருப்பதும் நீள்வட்டமாக இருப்பதும் தெரியாது. ஆகவே இரு முனைகளிலும் நடுவிலும், ஒவ்வோரிடத்திலும் குறுக்காக இரு திசைகளிலும் அளக்க வேண்டும்.

இனி வெப்பநிலை. நீள அளவுகளுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரிவடைகிறது. அலுமினியம் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். எண்களில் சிறியதாகத் தோன்றும் இது வேலையில் என்ன செய்யும் என்பதை ஒரு ஷாஃப்டை வைத்துப் பார்ப்போம். 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஷாஃப்டுக்கு வரைபடத்தில் சிறிய எழுத்தில் h6 (ஷாஃப்டின் டாலரன்ஸ் குறியீடு) என்று போட்டிருந்தால், அதன் அளவு 50.000 மி.மீ.க்கும் 49.984 மி.மீ.க்கும் இடையில், அதாவது 16 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். கிரைண்டிங் முடிந்து 35 டிகிரிச் சூட்டுடன் இருக்கும் அந்த ஷாஃப்டை, 20 டிகிரியில் இருக்கும் மைக்ரோமீட்டரால் உடனே அளக்கிறீர்கள். 49.990 என்று காட்டுகிறது. எல்லைக்குள் வசதியாக இருக்கிறது என்று பெட்டியில் வைக்கிறீர்கள். சூடு ஆறியதும் அது 8.6 மைக்ரான் சுருங்கி 49.981 ஆகிவிடுகிறது. கீழ் எல்லைக்கும் கீழே போய்விட்ட அந்த ஷாஃப்டை இனி எந்த ரீவொர்க்கும் காப்பாற்றாது. தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாதே.

இதனால்தான் அங்கே பாகங்களைக் கல்மேசையின் மீதோ அளவை அறையிலோ கிடத்தி ஆறவிடுகிறார்கள். மைக்ரோமீட்டரைச் சட்டத்தில் உள்ள வெப்பத்தடுப்புப் பகுதியில் பிடிக்கச் சொல்வதும், அளவை அறைக்குள் கும்பலாக நுழையக் கூடாது என்று சொல்வதும் இதற்காகவே. பாகமும் கருவியும் இரண்டுமே எஃகாக இருந்து ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால், அந்த வெப்பநிலை 20 டிகிரியாக இல்லாவிட்டாலும் பிழையின் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆகவே குளிர்பதன அறை இல்லாத பட்டறையில் வேலை செய்பவருக்கும் காத்திருத்தல் என்ற கருவி கையிலேயே இருக்கிறது.

மைக்ரோமீட்டர் கைதவறிக் கீழே விழுந்தால், சுழியம் சரியாகத்தான் காட்டுகிறது என்று சொல்லி மீண்டும் பயன்படுத்தாதீர்கள். உடனே தெரிவித்து, சோதனைக்கு அனுப்பி, வேறொன்றை வாங்குங்கள். விழுந்ததை மறைத்தால், அதன்பின் அதனால் அளக்கப்பட்ட பாகங்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும்.

அளந்ததை எழுதும்போது 'சரி' என்று குறிக்காமல் எண்ணையே எழுதுங்கள். 49.9915 என்று தெரிந்தால் வசதிக்காக 49.992 ஆக்க வேண்டாம். எண்கள் தொடர்ச்சியாக இருந்தால்தான், எல்லையைத் தாண்டுவதற்கு நெடுநேரம் முன்பே, டூல் தேய்ந்து அளவு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருப்பது வரைபடத் தாளில் தெரியவரும். எல்லைக்குள் இருந்தால் போதும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கெனிச்சி தகுச்சி என்ற ஜப்பானியப் பொறியாளர், அளவு மையத்திலிருந்து விலக விலக, எல்லைக்குள் இருக்கும்போதே இழப்பு கூடிக்கொண்டே போகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். மேல் எல்லையை ஒட்டிய ஷாஃப்டும் கீழ் எல்லையை ஒட்டிய துளையும் தனித்தனியே ஆய்வில் தேறிவிடும், ஆனால் கோக்கும்போது இறுகும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. மையத்தில் வைக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் ஒவ்வொரு பாகத்தை அளந்த பின்பும் ஆஃப்செட்டை (டூலின் நிலைக்கு இயந்திரத்தில் கொடுக்கும் திருத்த எண்) இரண்டு மைக்ரான் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பவர், இயல்பாக இருக்கும் சிறு ஏற்ற இறக்கத்தைத் தாமே பெரிதாக்கிவிடுகிறார். 1950ஆம் ஆண்டு ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கத்தின் அழைப்பில் சென்று விரிவுரை நிகழ்த்திய அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் வலியுறுத்தியவற்றில் இதுவும் ஒன்று. அவர் பெயரில் 1951இல் தொடங்கப்பட்ட தரத்துக்கான பரிசை இந்தியாவில் முதலில் பெற்றது சென்னையைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல். ஆகவே இந்தப் பழக்கங்கள் ஜப்பானியருக்கு மட்டுமே கைவரும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அளவை பற்றிப் பேசும்போது கிசாகே என்ற கைவேலையைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. துல்லியமான இயந்திரங்களைச் செய்யும் ஜப்பானிய நிறுவனங்கள் சிலவற்றில், இயந்திரத்தின் சறுக்குத் தளங்களை இன்றும் மனிதர்கள் கையால் சுரண்டிச் சமன்செய்கிறார்கள். செந்நிறப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசி, சமதளத்தின் மீது தேய்த்து, நிறம் காட்டும் மேட்டுப் புள்ளிகளை மட்டும் சில மைக்ரான் ஆழத்துக்குச் செதுக்கி எடுப்பார்கள். இதையே மீண்டும் மீண்டும் செய்து முடிக்க நாட்கணக்காகும். இயந்திரத்தால் செய்யப்படும் பாகத்தின் துல்லியம், அந்த இயந்திரத்தைச் செய்த கையிலிருந்து தொடங்குகிறது. உங்கள் தொழிற்சாலையில் இவ்வேலை தெரிந்த மூத்தவர் ஒருவர் இருந்தால், அருகில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள்.

மாறியது எது என்று பாருங்கள்

ஒரு லாட்டில் முதல் பாகம், நடுப் பாகம், கடைசிப் பாகம் மூன்றையும் முழுமையாக ஆய்வு செய்வது பரவலான நடைமுறை. முதல் பாகம் அமைப்பு சரியா என்று சொல்கிறது. கடைசிப் பாகமும் சரியாக இருந்தால் இடையில் வந்தவற்றின் மீது நம்பிக்கை வைக்கலாம்.

ஆனால் இதைவிட முக்கியமானது, எந்த வேளைகளில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது. ஆள், இயந்திரம், மூலப்பொருள், முறை ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று மாறும்போதுதான் கோளாறு நுழைகிறது என்பது அவர்களுடைய அனுபவம். இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றிய பின், புதிய லாட் எஃகு வந்த பின், பழுது பார்த்த பின், வேறொருவர் இயந்திரத்தில் நின்ற பின், மின்தடைக்குப் பின் என்று எந்த மாற்றம் நேர்ந்தாலும் அதைப் பலகையில் எழுதி, அடுத்து வரும் பாகத்தை முதல் பாகமாகவே கருதி அளக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த நீங்களும் அந்த வகையில் ஒரு மாற்றம்தான். உங்கள் பெயர் பலகையில் எழுதப்பட்டு, உங்கள் வேலை மற்றவர்களுடையதைவிட அதிகமாகச் சோதிக்கப்பட்டால், அதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் இயந்திரத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலைச் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டுச் சூடாக்கிய பின்பே வேலையைத் தொடங்குவதும் இதே எண்ணத்தின் விளைவு.

நிறுத்து, அழை, காத்திரு

ஏதேனும் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் செய்ய வேண்டியவை இந்த மூன்றுதான். பல ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இச்சொற்களைப் பெரிதாக எழுதி மாட்டியிருப்பார்கள்.

இதன் வேர் ஒரு நெசவுத் தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தானே நின்றுவிடும். நிற்காத தறி அறுந்த நூலுடனேயே நெய்துகொண்டுபோய்க் கழிவுத் துணியைக் குவிக்கும், அதைத் தடுக்க ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் காவல் நிற்க வேண்டும். தானே நிற்கும் தறி என்றால் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929இல் வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ தொடங்கிய கார்த் தொழிலில், கோளாறு கண்டால் நிற்பது என்ற அதே எண்ணம் மனிதர்களின் கைக்கு வந்தது. டொயோட்டாவின் கோப்பு வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே உள்ள கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். வரிசையில் நகரும் கார் குறித்த இடத்தை அடைவதற்குள் சிக்கல் தீரவில்லையென்றால் வரிசையே நின்றுவிடும்.

நம்மவர்களுக்கு இந்த மூன்றில் மிகக் கடினமானது காத்திருப்பது. நம் பட்டறைகளில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுப்பவர் பெரும்பாலும் சமாளிப்பவர். அளவு நகர்ந்தால் ஆஃப்செட்டைத் தட்டி, சத்தம் வந்தால் வேகத்தைக் குறைத்து, மேலாளர் காதுக்குப் போகாமலேயே நாளை ஓட்டிவிடுவார். அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் சமாளித்ததனால் தாங்கியின் தேய்மானமோ கூலன்ட் குழாயின் அடைப்போ யாருக்கும் தெரியாமல் தொடர்ந்து வளர்கிறது. ஜப்பானிய மேற்பார்வையாளர் உங்களிடம் அந்தச் சமாளிப்பை எதிர்பார்க்கவில்லை, கோளாறு அது தோன்றிய நிலையிலேயே தமக்குக் காட்டப்பட வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார். நீங்கள் அதைத் தொட்டுவிட்டால், காரணத்தைச் சொல்லும் தடயம் அழிந்துபோகிறது.

சந்தேகத்துக்குரிய பாகங்களைச் சிவப்புப் பெட்டியில் தனியே வையுங்கள். கெட்டதாகக் கண்ட ஒன்றை மட்டும் ஒதுக்கினால் போதாது. கடைசியாகச் சரி என்று அளந்து எழுதிய பாகம் வரை பின்னோக்கிச் சென்று, இடையில் வந்த எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். தெரிவிக்கும்போது நடந்ததை முதலில், எண்ணுடனும் நேரத்துடனும் சொல்லுங்கள். உங்கள் ஊகத்தைக் கேட்டால் மட்டும், ஊகம் என்றே சொல்லிச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி: "மூன்றாம் எண் லேத்தில் 10.40க்கு அளந்த பாகம் 49.982. பத்து மணிக்கு அளந்தது 49.991. இடையில் வந்த 12 பாகங்களையும் சிவப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டேன், வேறெதையும் தொடவில்லை." இந்த நான்கு வாக்கியங்களை ஜப்பானிய மொழியில் சொல்லப் பழகிக்கொள்வது, முதல் மாதத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மொழிப் பயிற்சி. நடந்ததைத் தெரிவித்தல், தொடர்புடையவர்களுக்குத் தகவல் அனுப்புதல், முடிவெடுக்கும் முன் கலந்துபேசுதல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஹோரென்சோ என்பார்கள். இந்தச் சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். கெட்ட செய்தி எவ்வளவு விரைவாக வருகிறதோ அவ்வளவு நல்லது என்பது அதன் எழுதப்படாத விதி.

கையால் சுட்டி, வாயால் சொல்லுங்கள்

ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் சமிக்ஞை விளக்கை விரலால் சுட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்வதைப் பலர் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலைகளிலும் இதே பழக்கம் உண்டு. ஜப்பானிய ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் நடத்திய சோதனையில், எளிய செயல்களில் 100க்கு 2.38ஆக இருந்த தவறுகள், சுட்டுவதையும் சொல்வதையும் சேர்த்துச் செய்தபோது 0.38ஆகக் குறைந்தன. சைக்கிள் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் முன் நிரல் எண், டூல் எண், சக் இறுக்கம், ஆஃப்செட்டின் கூட்டல் கழித்தல் குறி ஆகியவற்றை இவ்வாறு ஒவ்வொன்றாகச் சுட்டிச் சொல்லுங்கள். 0.01 போட வேண்டிய இடத்தில் 0.1 போட்டு டூலைப் பாகத்தில் மோதவிடும் தவறு பெரும்பாலும் அந்த ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். முதல் சில நாட்கள் கூச்சமாகத்தான் இருக்கும், மற்றவர்கள் எல்லோரும் செய்வதால் அது தானே போய்விடும்.

'யார்' என்பதை விட்டு 'ஏன்' என்று கேளுங்கள்

மதிய இடைவேளைக்குப் பின் வரும் முதல் மூன்று நான்கு பாகங்களில் மட்டும் துளையின் அளவு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன்? ஸ்பிண்டில் குளிர்ந்திருக்கிறது. ஏன் குளிர்ந்தது? இடைவேளையில் இயந்திரம் நின்றிருந்தது. திரும்ப ஏன் சூடாக்கவில்லை? வேலைமுறைத் தாளில் காலையில் சூடாக்க வேண்டும் என்று மட்டுமே இருக்கிறது. இடைவேளையைப் பற்றி ஏன் இல்லை? தாள் எழுதப்பட்டபோது இந்த வேலையின் டாலரன்ஸ் இவ்வளவு குறுகலாக இல்லை. இங்கே வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியது தெளிவாகிவிடுகிறது: டாலரன்ஸ் மாறும்போதெல்லாம் தாளையும் திருத்த வேண்டும். இயந்திரத்தில் நின்றவரைக் கடிந்துகொண்டிருந்தால், இந்த விடைக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

விடை கிடைத்த பின், இனிமேல் கவனமாக இருப்போம் என்று முடித்துவிடுவதை அவர்கள் ஏற்பதில்லை. மனிதர் மறந்தாலும் தவறு நிகழாத ஏற்பாட்டைத் தேடுகிறார்கள். ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1961இல் சந்தித்த சிக்கல் இதற்கு நல்ல சான்று. ஒரு சிறிய ஸ்விட்சின் இரண்டு பொத்தான்களுக்கும் அடியில் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், தொழிலாளர்கள் சில வேளைகளில் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். அவர் சொன்ன தீர்வு, வேலையைத் தொடங்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து ஒரு சிறு தட்டில் வைத்துக்கொள்வது. கோத்து முடித்த பின் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் மறந்தது உடனே தெரிந்துவிடும். போகா-யோகே என்று இன்று உலகெங்கும் அறியப்படும் இந்த முறைக்கு, ஒரு தட்டின் விலைக்கு மேல் செலவாகவில்லை.

எடுத்துக்கொள்ளக் கூடாதவை

ஜப்பானியத் தொழிற்சாலையில் உள்ள எல்லாமே பின்பற்றத் தக்கவை என்று சொன்னால் அது உண்மையாகாது. கோபே ஸ்டீல் நிறுவனம் அலுமினியம், தாமிரப் பொருட்களின் ஆய்வுத் தரவுகளைத் திருத்தி நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியதை 2017 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. வேறு பெரிய நிறுவனங்களிலும் இத்தகைய முறைகேடுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. மேலிடம் கேட்ட தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியும், மூத்தவர் செய்வதை இளையவர் கேள்வி கேட்கத் தயங்கும் வழக்கமும் சேர்ந்தால், அளந்த எண்ணை மதிக்கும் அதே பண்பாட்டுக்குள் எண் திருத்தப்படுவதும் நடக்கும். வருமானத்துக்காக வெகுதூரம் வந்திருக்கும் உங்களுக்கு இது சொல்ல எளிது, செய்யக் கடினம் என்பது தெரியும். ஆயினும் அளக்காத எண்ணை எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். அளந்து எழுதுகிறேன் என்று பணிவாகச் சொல்லி, உண்மையிலேயே அளந்து எழுதுங்கள்.

வேலை நேரமும் அப்படியே. அதிக வேலையால் நேரும் மரணங்களுக்கென்றே ஒரு சொல் வழங்கும் நாடு அது. பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்த சட்டம், கூடுதல் வேலையைப் பொதுவாக மாதத்துக்கு 45 மணி நேரத்துக்கும் ஆண்டுக்கு 360 மணி நேரத்துக்கும் மிகாமல் வரையறுக்கிறது. நேர அட்டையில் பதியாமல் நின்று வேலை செய்வதை அர்ப்பணிப்பாகக் கருத வேண்டாம். களைத்த கண்ணால் படிக்கப்படும் மைக்ரோமீட்டர் யாருக்கும் பயன்படாது.

ஆறு மாதங்களுக்குப் பின்

வேலைமுறைத் தாளை மனத்தில் பதித்து, அதன் காரணங்களையும் புரிந்துகொண்ட பின், முன்பு குறிப்பேட்டில் எழுதி வைத்த உங்கள் யோசனைகளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். சில இப்போது தவறாகத் தெரியும், சில முன்பைவிட வலுவாகத் தெரியும். வலுவானவற்றை யோசனைத் தாளில் எழுதிக் கொடுங்கள். டொயோட்டாவில் தொழிலாளர்களின் யோசனைத் திட்டம் 1951இலேயே தொடங்கிவிட்டது. இன்று சிறு பட்டறைகளிலும் இது உண்டு. முதல் யோசனை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பற்றியதாக, சிறியதாக இருக்கட்டும்: அளவு கருவியை எட்டி எடுக்க வேண்டியிருப்பதை அருகில் கொண்டுவருவது, இடம் வலம் மாற்றி மாட்ட முடியாதபடி பாகத்தைப் பொருத்திப் பிடிக்கும் ஃபிக்சரில் ஒரு தடுப்புப் பின் வைப்பது போன்றவை. முன் எப்படி இருந்தது, பின் எப்படி ஆயிற்று என்று படமும், எத்தனை நொடி மிச்சமாயிற்று என்ற எண்ணும் சேர்த்துக் கொடுத்தால் மொழிக் குறை பெரிதாகத் தெரியாது.

டோக்கியோவின் ஓட்டா வட்டாரத்தில் 1983 அளவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள் இருந்தன, இப்போது அவற்றில் பாதிகூட இல்லை. அங்கும் ஹிகாஷி ஒசாக்கா நகரிலும் மீதமிருக்கும் பட்டறைகள் பலவற்றில் மூத்த கைவினைஞர்கள் தங்கள் வேலையைக் கற்றுக்கொள்ள ஆள் இல்லாமல் இருக்கிறார்கள். கேட்டு நிற்கும் இளைஞருக்கு, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், மனம் திறந்து சொல்லிக் கொடுப்பவர்கள் அவர்களில் உண்டு. அவர்களிடம் கற்றதைத் தாளில் நிலைநிறுத்த, 1959 முதல் நடைபெற்று வரும் தேசியத் தொழில்திறன் தேர்வை எழுதுங்கள். கடைசல், மில்லிங், கிரைண்டிங் முதலிய ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே எழுத்துத் தேர்வும் செயல்முறைத் தேர்வும் உண்டு, மூன்றாம் நிலையிலிருந்து படிப்படியாக மேலே போகலாம். செயல்முறைத் தேர்வில் குறித்த நேரத்துக்குள் வரைபடத்தின்படி பாகங்களைச் செய்து காட்ட வேண்டியிருப்பதால், வேலை நேரத்துக்குப் பின் இயந்திரத்தில் பழகிக்கொள்ள அனுமதி தருமாறு மேற்பார்வையாளரிடம் சில மாதங்களுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பழைய வினாத்தாள்கள் தொழிற்சாலையிலேயே இருக்கும், முன்பு தேர்ச்சி பெற்றவர்களிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.